மல்லாந்து போகாத குடை

நாட்டின் பொருளாதாரம் இன்னும் விழாமல் நிற்கிறதென்றால், அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பது இறக்குமதிக் குறைப்பு அலுவலகத்தின் மூன்றாம் மாடிதான். அங்கே குடைப் பிரிவுக்கென்று ஓர் அதிகாரி இருந்தார். அயல்நாட்டுக் குடைகளை ஒழிப்பது அவர் கடமை. அடியோடு ஒழிந்துவிட்டால் தம் நாற்காலியும் ஒழிந்துவிடும் என்பதால், கடமையை அவர் அளவோடு ஆற்றிவந்தார்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் அவருடைய சொந்தக் கொழுந்தியாள். வங்கி வேலையை உதறிவிட்டுக் குடைப் பட்டறை வைத்தவள், செய்த குடையோடு, அதை விற்க அனுமதி கேட்டு வந்து நின்றாள்.

"அனுமதி இல்லைன்னா பட்டறையை மூட வேண்டியதுதான், அத்தான். அக்காவும் உங்ககூட பேசமாட்டா."

விதி என்று ஒன்று இருக்கிறதே. உள்நாட்டுக் குடை, அலுவலகத்தில் 'மாதிரி'யாக வைத்திருக்கும் அயல்நாட்டுக் குடையை எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் பெரிய மின்விசிறிக்கு முன்னால் விரித்தார்கள். மாதிரிக் குடை உடனே மல்லாந்து, கம்பி இரண்டைக் கக்கியது. கொழுந்தியாளின் குடை அசையவே இல்லை. அதிகாரி அவசரமாக விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நல்லவேளை, விதி கைகொடுத்தது.

"ஒத்துப்போகலையேம்மா."

"அது உடைஞ்சுபோச்சு, என்னோடது நிக்குது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"அப்போ உடைஞ்சாத்தான் அனுமதியா?"

"உடையணும்னு யார் சொன்னா? ஒத்துப்போகணும், அவ்வளவுதான்."

கொழுந்தியாள் அழவுமில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவுமில்லை. அடுத்த வாரமே நோஞ்சான் கம்பி போட்ட குடையோடு வந்தாள். விசிறி சுற்றத் தொடங்கும்போதே அது மல்லாந்துவிட்டது. அதிகாரி பூரித்துப்போய் முத்திரை குத்தினார். ஒரு வாரமாக உம்மென்றிருந்த மனைவியும் அன்றே வாயைத் திறந்தாள்.

அதன்பின் ஏற்பட்ட 'வளர்ச்சி'யைச் சொல்லி மாளாது. ஒரே குடையில் காலத்தை ஓட்டிய குடும்பங்கள் ஒவ்வொரு மழைக்கும் ஒரு குடை வாங்கின. பட்டறை ஓயாமல் ஓடியும் தேவைக்கு எட்டவில்லை. மிச்சத்துக்கு அயல்நாட்டுக் குடைகள் முன்னைவிட இரட்டிப்பாக வந்து இறங்கின. உற்பத்தி வளர்ந்தது, இறக்குமதி வளர்ந்தது, இரண்டையும் கவனித்துக்கொள்ள அலுவலகத்துக்கு நான்காம் மாடியும் வளர்ந்தது. அதிகாரிக்குப் பதவி உயர்வு.

பாராட்டுக் கூட்டம் முடிந்து வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அரசாங்கம் அன்பளிப்பாகக் கொடுத்த குடை கையிலேயே மல்லாந்தது. அதிகாரி தொப்பலாக நனைந்து பட்டறைக்குள் ஓடினார்.

"ஏம்மா, அந்த முதல் குடை மாதிரி எனக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு கொடேன்."

கொழுந்தியாள் தலை துவட்டத் துண்டை நீட்டினாள்.

"இந்த நாட்டுக்கு நல்ல குடை செய்யத் தெரியும், அத்தான். செய்ய விடத்தான் தெரியலை."