கோழி அவளுக்கு, சோயா எனக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. நீங்களும் என் தங்கச்சியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கேயும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வராததற்குக் காரணம் நீங்கள்தான்.

பஸ் ஓட்டுகிறவனுக்குத் தொப்பை ஸ்டியரிங்கில் இடிப்பது உலக அதிசயமில்லை. ஆனால் டெப்போ டாக்டர், "மூணு மாசத்துல சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் இறங்கலைன்னா வண்டியத் தொட விடமாட்டேன், டிக்கெட் கவுண்டர்ல உக்காருங்க" என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஊரையே ஏற்றி இறக்கியவன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கிழிப்பதா? அந்தப் பயத்தில்தான் டயட்டீஷியன் நம் குடும்பத்திலேயே இருக்கிறாரே என்று உங்களிடம் ஓடி வந்தேன். நீங்களோ, குண்டானவர்களுக்குச் செடிப் புரதம் நல்லதா, மாமிசப் புரதம் நல்லதா என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி என்னையும் என் மனைவியையும் அதில் சேர்த்து, சீட்டுக் குலுக்கி, அவளுக்குக் கோழி, எனக்குச் சோயா என்று தீர்ப்பளித்தீர்கள்.

மூன்று மாதம், மாப்பிள்ளை. என் தட்டில் பொடிப்பொடியாக ஏதோ ஒன்று, அவள் தட்டில் குண்டு குண்டாகக் கோழி. அந்த வாசனைக்கு எச்சிலை விழுங்கிக்கொண்டு, "ஒரு துண்டு குடேன்" என்று கேட்டால், "மாப்பிள்ளை திட்டுவாரு" என்று தட்டை நகர்த்திக்கொள்வாள். சோயா ஒரு மனிதன் தின்னக்கூடிய பொருளா? நாக்கில் ருசி என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோனது. அதற்கு மேல் வயிற்றுப் பொருமல். கூட்டம் பிதுங்குகிற நேரத்திலும் என் பின்சீட்டு காலியாக இருந்தது. கண்டக்டர் என் காதருகே வந்து, "அண்ணே, ஜன்னலெல்லாம் தொறந்துட்டேன், நீங்க சங்கடப்படாம ஓட்டுங்க" என்றான். நான் எந்த முகத்தோடு கண்ணாடியில் பயணிகளைப் பார்ப்பது?

கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இறங்கியிருக்கு மச்சான். அளவாச் சாப்பிட்டு எடை குறைச்சீங்க, அதான். எந்தப் புரதமா இருந்தா என்ன" என்றீர்கள். எதுவானாலும் ஒன்றுதான் என்றால் எனக்குக் கோழியைக் கொடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? டெப்போ டாக்டர் கையெழுத்துப் போட்டார், வண்டியும் என் கையிலேயே இருக்கிறது, அது வேறு. என் வயிறெரிச்சல் உங்களைச் சும்மா விடாது.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உங்கள் படிப்பை மட்டும் படிக்க வேண்டாம். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
சோயா தின்றவன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பஸ் நெறைய ஜனங்களோட போற ஆளு, சோயாவத் தின்னுட்டு வழியில மயங்கிட்டா என்ன பண்றது? மொத நாளே தட்ட மாத்திட்டேன்" என்றாள். நான் தின்றது கொத்திய கோழியாம். எச்சில் விழுங்கிப் பார்த்தது சோயா உருண்டையாம். மனிதன் தின்ன முடியாது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அவள் மூன்று மாதமும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தின்றிருக்கிறாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் இவ்வளவு கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் மேல் வர மாட்டேன் என்கிறது. இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்.