பதிமூன்று கொடுக்கும் என்ற ஜீப்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் அக்காவும் நலம். தாங்கள் என் தலையில் கட்டிய ஜீப் நலமில்லை. அங்கே தங்கள் நலத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரித்துக்கொள்கிறேன். என்ன இது, அத்தான் திடீரென்று தாங்கள், அவர்கள் என்றெல்லாம் எழுதுகிறாரே என்று திகைக்க வேண்டாம். எடை அளவு ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும், தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்த கடைக்காரனுக்குக்கூட நான் ‘தாங்கள்’ போட்டுத்தான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். எனக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற கையோடு, தாங்கள் ஓட்டி அலுத்த டீசல் ஜீப்பைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தி, “அத்தான், லிட்டருக்குப் பதிமூணு குடுக்கும். கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்குங்க” என்றீர்கள். ஊரில் ஒரு தராசையும் நம்பாதவன் மைத்துனன் வாயை நம்பி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். முதலில் அது என் வீட்டு கேட்டுக்குள் நுழையவில்லை, தெருக்கோடியில் காலி மனையில் நிற்கிறது, போகட்டும், அதற்கு ஜீப் பொறுப்பில்லை. பிறகு கண்ணைத் திறந்து அளந்து பார்த்தால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். தினமும் காலையில் ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம், வழியில் பாங்க், காய்கறி, அவ்வளவுதான் அது போகும் தூரம். நான் ஏனோதானோவென்று அளக்கிறவன் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, ஓட்டி முடித்து, மறுபடி நிரப்பும்போது பங்க் மீட்டரை நம்பாமல் என்னுடைய சொந்த அளவுக் குவளையில் டீசலைப் பிடித்து, அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடி, நுரை அடங்கும்வரை ஆடாமல் நின்று பார்த்துத்தான் ஊற்றுகிறேன். எனக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும். நான் காதில் வாங்குவதில்லை. ஆறு என்றால் ஆறுதான்.

சரி, டயரில் காற்று குறைவாக இருக்கும் என்று காற்றடிக்கிற கடைக்குப் போனேன். அவன் கருவி ஒன்று சொல்கிறது, என் கருவி இன்னொன்று சொல்கிறது, நான் அவன் கருவிக்கு முத்திரை எங்கே என்று கேட்க, “சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க இல்ல?” என்றான். என் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தது ஏர் பில்டர் அடைத்திருந்தால் இன்ஜின் மூச்சு முட்டி டீசலைக் குடிக்கும் என்றார்கள், நானே கழற்றி மனைச் சுவரில் தட்டினேன், அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் வெள்ளைத் துணிகளைக் காயப் போட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும், அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். பிறகு பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பார்க்க, ஓட்டி வந்ததும் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக், பிடித்திருந்தால் சுடுமாம். தொட்டேன், சுட்டது, விரல் கொப்புளித்துவிட்டது, ஆஹா கண்டுபிடித்துவிட்டோம் என்று அந்த வலியிலும் சந்தோஷப்பட்டேன். கடைசியில் நான் தொட்டது சைலன்சர் குழாய். நாலு சக்கரமும் ஜில்லென்றுதான் இருந்தன.

இந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘டொக்கு’ என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஸ்பேனரால் எல்லா இடத்திலும் டொக்கு டொக்கென்று தட்டிவிட்டு, ஜோசியர் மாதிரி வானத்தைப் பார்ப்பார். போர் வீல் லீவர் பாதியில் சிக்கி நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கிறதோ என்று தட்டிப் பார்த்தார், இல்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பினார், “குழந்த மூக்கு மாதிரி சுத்தமா இருக்கு” என்று திரும்பி வந்தது. டீசல் ஒழுகுகிறதா என்று பார்க்க உன் அக்காவின் வெள்ளைப் படுக்கை விரிப்பை ராத்திரி ஜீப்பின் அடியில் விரித்தேன், காலையில் ஒரு சொட்டு டீசல் இல்லை, ஒரு தெருநாய் குட்டிகளோடு படுத்திருந்தது. யாரோ திருடுகிறான் என்று டேங்க் மூடிக்குப் பூட்டு போட்டேன், திருடன் வரவில்லை, நான்தான் பூட்டின் சாவியைத் தொலைத்துவிட்டு, தெருவே வேடிக்கை பார்க்க என் டேங்க் மூடியை நானே உடைத்தேன். இவ்வளவுக்கும் பிறகு அளந்தால் அதே ஆறு. தம்பி, நான் அழாத குறை. (தாங்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் உன், தம்பி என்று கை போய்விட்டது. அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது, அப்படியே இருக்கட்டும்.)

போன வாரம் டொக்குவே குவளையும் கையுமாக என்னோடு ஏறி, பெரிய ரோட்டில் போய்த் திரும்பி, என் கண் முன்னால் அளந்தார். பன்னிரண்டரை. எனக்கு மயக்கமே வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, இரண்டு நாள் பழைய ஓட்டம் ஓட்டி அளந்தேன். ஆறு. திரும்பப் போய்க் கேட்டால் அந்த மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “வண்டில ஒண்ணும் இல்ல சார். அதுக்கு உங்க வீடு பிடிக்கல போல” என்கிறார். என்ன பேச்சு இது? உனக்கும் அவருக்கும் ஏதோ உள்ளுறவு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். இல்லாவிட்டால் அவர் கையில் பன்னிரண்டரை, என் கையில் ஆறு எப்படி வரும்?

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போ. வராவிட்டால் நானும் உன் அக்காவும் இனி உன் வீட்டுப் படியேற மாட்டோம், நல்லது கெட்டது எதற்கும். ஜீப் விஷயம் தீரும்வரை உன்னோடு போனில் பேசக்கூடாது என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். “அவன் எனக்கு ஒரே தம்பிங்க” என்றாள், எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அன்றிலிருந்து வீட்டில் அவள் போனைக் கையாலும் தொடுவதில்லை. டாக்டர் சொன்னபடி சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கப் போகிறாள், வருகிறாள், தோசை வார்க்கிறாள், படுக்கிறாள். முன்னேயெல்லாம் நான் ஆபீசிலிருந்து வரும்போது அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள், இப்போது நான்தான் சொல்கிறேன், நாள் முழுக்கச் சொல்கிறேன், அவள் கேட்டுக்கொள்கிறாள். இவ்வளவு நடந்தும் அவள் ரத்தத்தில் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. லேப்காரன் அளவில் எனக்கு நம்பிக்கையில்லை, அடுத்த வாரம் நேரில் போய் விசாரிக்க இருக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும். தங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும், இந்த வழக்கில் அவருக்குச் சம்பந்தமில்லை. தங்களுக்கும் நீண்ட ஆயுளை வேண்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வர அது தேவைப்படும்.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட அத்தான்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடத்தான் கிளம்பினேன். சாயங்காலம் நான் செய்தி பார்க்கிற நேரம், அதனால் அந்த வேளையில் தெருக்கோடிப் பக்கம் போனதே இல்லை. காலி மனையை நெருங்கும்போது ஜீப் இன்ஜின் ஓடும் சத்தம். திருடன் அகப்பட்டான் என்று கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, டிரைவர் சீட்டைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உன் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். நீ கொடுத்த இரண்டாவது சாவி எங்கே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். போனில் உன் முகம். படுபாவி, தினமும் அவள் பின்னால் ஓர் இரைச்சல் கேட்கிறதே, அது என்ன என்று ஒரு தடவையாவது நீ கேட்டிருக்கக் கூடாதா?

கல்லோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் வலது கையை மெல்லத் தூக்கி, இல்லாத குவளையைக் கண் மட்டத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சுவிடாமல் அசையாமல் இருந்தாள். சத்தியமாக அது நான்தான். பிறகு இரண்டு பேரும் சிரித்தீர்கள். கண்ணாடிக்கு வெளியே எனக்குச் சத்தம் வரவில்லை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பது மட்டும் தெரிந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஜீப் ஓடிய தூரத்தையெல்லாம் அளந்தேன், நின்ற இடத்தில் ஓடியதை அளக்கத் தோன்றவில்லை. டொக்கு சொன்னதும் சரிதான், வீடு பிடிக்காதது ஜீப்புக்கு இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. கல்லைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அவள் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுக்க வராதே, கேட்டாலும் தர மாட்டேன். சாப்பிட வா. ஜீப் விஷயம் தீர்ந்தது என்று அவளிடம் சொல்லிவிடுகிறேன், இனிமேல் சாயங்காலம் நீ வீட்டுக்கே போன் செய், அவள் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து பேசட்டும், அந்த ஒரு மணி நேரமும் நான் வெளியே நடக்கப் போகிறேன். அவளுக்கும் நடை வேண்டும் என்பதை நீயே பக்குவமாகச் சொல், நான் சொன்னால் எடுபடாது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், மனம் வரவில்லை. நீ எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டு, பி.குவை மட்டும் விட்டுவிடு. வாசிக்கிற அன்றைக்கு நான் இன்னும் கொஞ்ச தூரம் கூடுதலாகவே நடந்துவிட்டு வருகிறேன்.