மெல்பேர்னுக்கு ஒத்திகை பார்த்தவர்

ஒத்திகை பார்க்காமல் இந்த உலகத்தில் எதையுமே செய்யாத ஒரே மனிதர் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறார். பிறப்பைக்கூட அவர் எடுத்த எடுப்பில் நடத்தவில்லை. தாயாருக்குப் பொய்வலி வந்து, கார் பிடித்து, ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிய பிறகுதான் பிறந்தாராம். இப்போது கியூபெக்கில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்குகிறார். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் பேட்டையான பார்க் எக்ஸ்டென்ஷனில் எல்லோருக்கும் அவர் ‘ஒத்திகையார்’.

பல் பிடுங்குவதற்கு முதல் நாளே பல் வைத்தியரின் வாசலுக்குப் போய், வாயை ஆவென்று திறந்துவிட்டு வருவார். மகளின் கலியாணத்தில் அழுவதற்கு அவர் பழகியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி யாரோ செத்துவிட்டார்கள் என்று சூப் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

இப்படிப்பட்டவர் மெல்பேர்ன் போகப் புறப்பட்டார். அங்கே டண்டினோங் என்ற புறநகரில் அவருடைய அக்கா இருக்கிறார். விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் நகரத்துக்கு, அங்கிருந்து ரயிலில் டண்டினோங்குக்கு, பிறகு நடை. தனியாகவே வருவேன், ஒருவரும் எதிர்கொள்ள வரக்கூடாது என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டாராம்.

“ஏன் உமக்கு இந்த வில்லங்கம்? அக்காவின்ரை மகன் காரோடை வருவான்தானே?” என்றேன்.

“இல்லை அண்ணை. அக்கா ஒஸ்ரேலியாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு, வழியனுப்பப் போன நான் பஸ்ஸிலை நித்திரையாகி, ஏர்போர்ட்டையும் தாண்டி நீர்கொழும்புக்குப் போயிட்டன். திரும்பி வரேக்கை பிளேன் மேலை நிக்குது. அதுக்குப் பிறகு அவவை நேரிலை பாக்கேல்லை. இந்த முறையாவது நான் பிழையில்லாமல் போய்ச் சேரவேணும்.”

ஒத்திகை வியாதி அன்றைக்குத்தான் தொற்றியதாம். வாழ்நாள் முழுவதும் பிறருடைய விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். காரணம் திருப்திகரமானது என்று ஏற்றுக்கொண்டேன்.

மெல்பேர்ன் ரயிலில் ஏறும்போதும் கார்டைத் தொட வேண்டும், இறங்கி வெளியேறும்போதும் தொட வேண்டும். நமது மெட்ரோவில் உள்ளே போகும்போது தொட்டால் போதும். பழக வேண்டுமே! பார்க் ஸ்டேஷனை டண்டினோங் என்று வைத்துக்கொண்டார். வெளியேறும் வழியில் தமது லைப்ரரி கார்டை அழுத்திப் பிடித்தபடி ‘பீப்’ சத்தத்துக்காக நின்றார். பின்னால் சனம் நெருக்கியது. சத்தம் வராததால் கடைசியில் தாமே “பீப்” என்றார்.

ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். “பொன்ஷூர் மெஸ்யூ, எங்கே போக வேண்டும்?”

“மெல்பேர்ன்.”

அந்த நல்ல மனிதர் மெட்ரோ வரைபடத்தின் முன்னால் நின்று, ஆரஞ்சு வழி முழுவதும் விரலை ஓட்டித் தேடினார்.

அடுத்தது வீதி கடத்தல். அங்கே வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அதை இவர் ஜான்-டலோன் வீதியிலேயே பழகினார். மயிரிழையில் பிரேக் போட்ட டாக்ஸிக்காரர், தேவாலயத்துப் பூசைச் சாமான்களின் பெயர்களையெல்லாம் உரத்துச் சொன்னார். கியூபெக்கில் கெட்ட வார்த்தை என்றால் அதுதான். நமது ஆள் கத்தோலிக்கர். நடுவீதியில் நின்று பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார்.

சுங்க அதிகாரி வேடம் எனக்கு. பழைய டையைக் கட்டிக்கொண்டு என் வீட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

“சாப்பாட்டுச் சாமான் ஏதும் இருக்கிறதா?”

“ஏன் அண்ணை, இன்னும் சாப்பிடேல்லையோ?”

“அதிகாரியைக் கேள்வி கேட்கக்கூடாது. பெட்டியைத் திறவும்.”

உள்ளே கருவாடு, பனங்கிழங்கு ஒடியல், ஒரு முழு மாம்பழம்.

“உது அக்காவுக்கு அண்ணை!”

“அறிவிக்காமல் கொண்டுவந்தது குற்றம். பறிமுதல்.”

கருவாட்டை என் மனைவி அன்று மத்தியானமே பொரித்துவிட்டாள். திறமை போதாது, இன்னொரு ஒத்திகை வேண்டும், நெத்தலியோடு வாரும் என்றேன். வந்தார். அதுவும் பறிமுதலாயிற்று. கடைசியில் அறிவிக்க வேண்டியதை அறிவிக்கப் பழகி, ஒரு மேப்பிள் பாகுப் போத்தலோடு விமானம் ஏறினார்.

போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“அண்ணை, எல்லாம் பழகினபடிதான். பஸ் சரி, ரயில் சரி, கார்ட் தானாவே ‘பீப்’ எண்டுது. இப்ப அக்கா வீட்டு வாசலிலை நிக்கிறன். வீட்டிலை ஒருத்தரும் இல்லை.”

“அக்கா எங்கே?”

“ஏர்போர்ட்டுக்குப் போனவவாம். இப்ப திரும்பி வருகினமாம்.”

தம்பியை நம்பாத அக்கா, ஏலாத முழங்காலோடு மகனையும் இழுத்துக்கொண்டு விடியவே அங்கே போய் நின்றிருக்கிறார். இவரோ பஸ் பலகையைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை என்று பழகியவர்.

“ஏர்போர்ட் வாசலிலை ஒரு கிழவி குறுக்கை நிண்டவ அண்ணை. எக்ஸ்கியூஸ் மீ எண்டு சொல்லி விலத்திக்கொண்டு வந்திட்டன். அது அக்காவாம். அவவின்ரை மகன் இப்பத்தான் போனிலை சொன்னவன். எனக்கெப்படித் தெரியும்? வீடியோவிலை கதைச்சால் அவவின்ரை நெத்தி மட்டும்தானே தெரியிறது!”

அந்த நேரம் பார்த்துக் கார்க் கதவு அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல்.

“டேய் மொக்கா! எனக்கே எக்ஸ்கியூஸ் மீயோ?”

ஒத்திகையாரிடமிருந்து வந்தது ஒரு விம்மல். மகளின் கலியாணத்துக்குப் பழகிய அழுகையை நான் கேட்டிருக்கிறேன், அது நல்ல ராகத்தோடு இருக்கும். இது ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் வந்தது.

“சரி சரி, அழாதை. வந்து சேந்திட்டாய்தானே. உள்ளை வா, புட்டு அவிச்சு வைச்சனான்” என்றார் அக்கா.

பிறர் பேசுவதை ஒட்டுக்கேட்பது முறையல்ல. ஆகவே போனை வைத்தேன், கொஞ்சம் பொறுத்து.

மூன்று மாதம் அங்கே தங்கலாம் என்பது அவருடைய விசா. மேல்மாடியில் இப்போது சத்தம் இல்லை; என் மேசைக்கு முன்னால் பெட்டியோடு வந்து நிற்கவும் ஆள் இல்லை. நேற்று மறுபடியும் பேசினார். அக்கா போகவிடமாட்டேன் என்கிறாராம், “என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அண்ணை” என்றார். விசாவை நீட்டிக்க வழி உண்டு. எங்கே, எப்படி, எதை இணைத்து விண்ணப்பிப்பது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அவர் கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

கேட்காதவரைக்கும் நானாகச் சொல்வதாக இல்லை.