சோத்தாங்கைப் பக்கம்

“சோத்தாங்கைப் பக்கம் தள்ளு.”

“யாரோட சோத்தாங்கை?” என்று கேட்டாள் நூருன்னிசா, மௌஸைப் பிடித்தபடி.

அவள் கணவர் சேக் தாவூது பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்தார். முப்பத்தோரு வருடம் விமானக் கருவிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே ஒருவரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

“எல்லாருக்கும் சோத்தாங்கை ஒரே பக்கம்தான் புள்ள.”

“அதெப்படிங்க? இந்தப் பேனல் என்னைப் பாத்துக்கிட்டு இருக்கு. நான் அதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அதோட சோத்தாங்கை என் நொட்டாங்கைப் பக்கமில்ல வருது?”

“பேனலுக்கு ஏது கை?”

“அப்ப எதுக்குச் சோத்தாங்கைன்னு சொல்றீங்க?”

ஓய்வுபெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை இது. பாலகிருஷ்ணன் என்கிற முன்னாள் கப்பல் எஞ்சினியர், ஜொகூரில் ஒரு கொட்டகையில் தன் கையாலேயே குட்டி விமானம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். அதன் முகப்புப் பலகையில் எந்தக் கருவி எங்கே உட்கார வேண்டும் என்று இணையத்தில் இருக்கும் மென்பொருளில் வரைந்து கொடுக்க வேண்டும். திரையோரம் கருவிகள் வட்ட வட்டமாகக் கிடக்கும். இழுத்துப் பலகையில் போட வேண்டியதுதான். கண் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை.

சேக் தாவூதுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் அடுத்த மாதம். அதுவரை உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் வேகம் காட்டும் மீட்டரும் அவருக்கு ஒரே ஆப்பம்தான்.

இதை அவர் பாலகிருஷ்ணனிடம் சொல்லவில்லை. கண் தெரியாதவன் வரைந்த பலகையை நம்பி எவன் ஆகாயத்தில் ஏறுவான்? இந்த வேலையும் போனால், தெம்பனிஸ் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற பஸ்களைப் பார்க்க வேண்டியதுதான். அதிலும் நம்பர் தெரியாது.

“சரி, ஆல்டிமீட்டர் இப்ப எங்க இருக்கு?”

“நொட்டாங்கைப் பக்கம்.”

“யாரு நொட்டாங்கை?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நூருன்னிசா ஆல்டிமீட்டரைப் பிடித்து இழுத்தாள். “ஐயே, ரெண்டு மீட்டரும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சு. செவப்பா எரியுது.”

“வேகம் காட்டுறதை எதிர்ப்பக்கம் எடு.”

“எடுக்க வரல. இங்க ரெண்டு முக்கோணம் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்குது. அமுக்கவா?”

“அமுக்கிப் பாரு.”

அமுக்கினாள்.

“என்ன ஆச்சு?”

“மொத்தமும் கட்சி மாறிடுச்சுங்க. அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் இந்தப் பக்கம், இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் அந்தப் பக்கம்.”

“வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்கும். அதை அமுக்கினா பழையபடி வந்துடும்.”

“வளைஞ்ச அம்பு ரெண்டு இருக்கு. பக்கத்துல குட்டியா ஒரு பிளேன் படமும் இருக்கு. பறக்கும்போது எப்படி இருக்கும்னு காட்டும்போல.”

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. “சரி, பிளேனை அமுக்கு.”

காகித விமானம் ஒன்று திரையைக் குறுக்கே கடந்து மறைந்தது.

“அழகாப் பறந்துச்சு,” என்றாள். பிறகு மெதுவாக, “‘அனுப்பியாச்சு’ன்னு எழுத்து வருதுங்க,” என்றாள்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. பாலகிருஷ்ணன்.

“படம் பிரமாதம் பாய். ஓகே கொடுத்தாச்சு.”

சேக் தாவூது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வாடிக்கையாளர் ஓகே கொடுத்தால் படம் நேரே துவாஸில் பலகைக்குத் தகடு வெட்டும் பட்டறைக்குப் போய்விடும். நாளைக் காலை எட்டு மணிக்குத் தகட்டை வெட்டிவிடுவார்கள். நிறுத்த வேண்டுமென்றால் ஓகே கொடுத்தவரேதான் நிறுத்த வேண்டும்.

“இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்களேன்.”

“பாத்துட்டேன் லா. ஒரு மயிரிழை பிசகு இல்ல,” என்று வைத்துவிட்டார்.

தெம்பனிஸிலிருந்து தேக்காவில் இருக்கும் பாலகிருஷ்ணன் வீட்டுக்கு இருவரும் ரயில் ஏறினார்கள். இறங்குவதற்கு முன்னால், “சொன்னா வேலை போயிடும்,” என்றார் சேக் தாவூது.

“சொல்லாம விட்டா? அந்த மனுஷன் மேல ஏறி, உயரம்னு நெனச்சு வேகத்தைப் பாத்தார்னா?”

“வர்றேன்ல. நட.”

பஃபலோ ரோடு அடுக்குமாடி வீட்டில் பாலகிருஷ்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி லீலா தேநீர் போட உள்ளே போனாள்.

“அந்தப் படத்துல,” என்று தொடங்கினார் சேக் தாவூது, “ஆல்டிமீட்டர் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கவனிச்சீங்களா?”

“இருக்க வேண்டிய பக்கம்தான்.”

“அதான், எந்தப் பக்கம்?”

“என்ன பாய் இது. உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்?”

“நீங்க வாயால சொன்னா எனக்கு ஒரு திருப்தி.”

பாலகிருஷ்ணன் மின்விசிறியைப் பார்த்தார். “வயசுல பெரியவங்க, நீங்களே சொல்லுங்க.”

நூருன்னிசா கணவரின் முழங்கையை இடித்தாள்.

“பாலா, அது தப்பான படம். எல்லாம் பக்கம் மாறிக் கிடக்கு. எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. இவதான் மௌஸைப் பிடிச்சா, நான் வாயால சொன்னேன். மறைச்சது என் தப்பு. வேற ஆளைப் பாத்துக்குங்க. ஆனா இப்பவே துவாஸுக்குப் போன் போட்டு அந்தத் தகட்டை நிறுத்துங்க.”

பாலகிருஷ்ணன் எழுந்து போன் எடுக்கவில்லை. கோபமாக்கும் என்று சேக் தாவூது தலையைக் குனிந்துகொண்டார்.

தேநீர்த் தட்டோடு வந்த லீலா, அதை மேசையில் வைத்துவிட்டுப் பட்டறையைப் போனில் கூப்பிட்டாள். வெட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்தாள். பிறகு கணவரின் கையைப் பிடித்து, அதில் ஒரு தேநீர்க் கோப்பையைப் பத்திரமாக வைத்தாள்.

“நீங்களாவது வாய விட்டுச் சொன்னீங்கண்ணே,” என்றாள். “இவருக்கும் ரெண்டு கண்ணுலயும் புரைதான். உங்க படத்தைப் பாத்து ஓகே அமுக்கினது நான்.”