செத்த பெட்டரிக்கு மறுபிறவி

ராகலைப் பக்கத்திலேயே மனிதர்களைவிடப் பெட்டரிகளை அதிகம் நேசித்த ஒரே ஆள், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் 'பெட்டரி டாக்டர்'தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கரண்ட் வராத எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்போது டிவி ஓடியது கார் பெட்டரியில். அதைத் தோட்டத்து ஃபெக்டரி கரண்டில் சார்ஜ் பண்ணித் தருவது அவர் தொழில்.

பெட்டரியை இறக்கியதும் காதை வைத்துக் கேட்பார். "விடிய விடிய படம் பாத்திருக்கீங்க. பாவம், களைச்சுப் போயிருக்கு" என்று திட்டுவார். இனிச் சார்ஜ் ஏறாது என்றால் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, "செத்துப்போச்சுங்க" என்பார். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவர் மட்டும் அதை நம்பினார்.

செத்ததைப் பழைய இரும்புக்காரர் கேட்டாலும் கொடுக்கமாட்டார். லயத்துக்கு மேலே மேட்டில் குழி வெட்டி, சாம்பிராணி போட்டுப் புதைப்பார். எங்கள் வீட்டுப் பெட்டரிக்குத் தப்பு மேளம் அடிக்கவே ஆள் கூப்பிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்க, "அழுவாதீங்கம்மா, நல்ல சாவு" என்று ஆறுதல் வேறு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள், பழைய பெட்டரிகளைச் சேகரிக்க அரசாங்க லொறி வந்தது. கூட வந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் பெருமையோடு தன் மயானத்தைக் காட்டினார். அதிகாரி மேட்டைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே நாங்கள் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ கடவுளே! உந்தத் தண்ணியையோ குடிக்கிறியள்? பெற்றரிக்குள்ள ஈயம் கிடக்கு. நஞ்சு! சின்னப் பிள்ளையளின்ர மூளையே பழுதாப்போம்!"

குடத்தோடு நின்ற அக்கா தண்ணீரை அப்படியே தரையில் கொட்டினாள். அதிகாரி டாக்டர் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் தோண்டித் தாங்கோ. உருக்கித் திரும்பவும் புதுப் பெற்றரி செய்வினம்."

"அப்ப... மறுபொறப்புங்களா?" என்றவர் மண்வெட்டியை எடுத்தார். உதவப் போனவர்களை விரட்டினார். "கிட்ட வராதீங்க! பொதைச்சது நானு. வெஷம் என்னோட போகட்டும்."

பீலியை அடைத்தார்கள். தண்ணீரைச் சோதித்து நல்லது என்று சொல்லும்வரை, தோட்டத்தின் அடுத்த டிவிஷன் பீலியிலிருந்து வீடுவீடாகத் தண்ணீர் சுமந்தது அவர்தான். "போதும் டாக்டரு" என்றால் கோபம் வந்துவிடும். "பெட்டரிக்கு மறுபொறப்பு இருக்கு. நம்ம புள்ளைங்களுக்கு இருக்கா?"

அதன் பிறகும் புதுப் பெட்டரி வந்தால், "முந்தி ராகலையில இருந்தியா?" என்று காதை வைத்துக் கேட்கத்தான் செய்தார்.

மனிதர்களைவிடப் பெட்டரிகளை நேசித்தவர் என்று ஆரம்பத்தில் எழுதிவிட்டேன். தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.