முதுகு பிடித்த ஞாயிறு

இதை எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அன்னாயிக். எட்டு வருடத்துக்கு முன், ஜூலை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. கோவிலில் இரண்டு பேரும் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தோம்.

"உன் வீட்டுக்காரருக்கு முதுகு பிடிச்சு எழுந்திரிக்கவே முடியலைன்னு சாமியார்கிட்ட சொன்னியாமே?"

"ஆமாடி. நேத்துலேருந்து படுக்கைதான். பாவம்."

"பாவம்தான். காலைல மேட்டு வளைவுல, எங்க வேலிக்குப் பின்னாடி மடக்கு நாற்காலி, குடை, ஐஸ் பெட்டி மூணையும் ஒரே கையில தூக்கிட்டு வந்து ஒளிச்சு வச்சாரு. இன்னொரு கையால குனிஞ்சு என் ஸ்ட்ராபெர்ரியைப் பறிச்சுத் தின்னாரு."

என் கையிலிருந்த லில்லிப் பூ கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். மூன்று வாரம் நாட்டையே சுற்றுகிற பெரிய சைக்கிள் பந்தயம் அந்த வருடம் நாட்டின் மேற்குக் கடலோர மாகாணமான எங்கள் பிரெத்தாஞ் மண்ணில் தொடங்கியது. சனிக்கிழமை முதல் கட்டம். ஞாயிறு இரண்டாம் கட்டம், எங்கள் ஊர் மேட்டு வளைவு வழியாக. என் கணவர் கூல்வென் அந்த மேட்டில் முப்பத்தாறு வருடம் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்தவர். முதலிடத்து மஞ்சள் சட்டைக்காரனுக்கு அதே மேட்டில் எப்படி மூச்சு வாங்குகிறது என்று ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அவர் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அதே ஞாயிறு எங்கள் புனித நொன்னா அம்மாள் திருவிழா. பவனியில் பெரிய கொடியைத் தூக்குவது இருபத்திரண்டு வருடமாக அவர்தான். ஆளைப் போல இரண்டு மடங்கு உயரம், காற்றடித்தால் ஆளையே தூக்கும். முதுகு நன்றாக இருக்கிறவர் அதிலிருந்து தப்ப முடியாது. அதனால் வியாழக்கிழமை முதுகு கெட்டது.

என்னிடமும் ஒரு ரகசியம் இருந்தது. பவனி சாலையைக் கடந்துதான் சிற்றாலயத்துக்குப் போக வேண்டும்; போலீஸ் சாலையை மூடிவிட்டது. சாமியார் யோசித்து, பவனி அந்த வளைவிலேயே நின்று வீரர்களை ஆசீர்வதிக்கும் என்று முடிவு செய்தார். கொடி எல்லாருக்கும் முன்னால், கூட்டத்தைத் தடுக்கக் கட்டும் கயிற்றை ஒட்டி. ஊரிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. வியாழன் இரவு எங்கள் ஊர் மெல்லிய தோசையான கிரேப் சுட்டு, தட்டில் வைத்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் "ஐயோ!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாதாவே, அங்கேதான் நான் தவறினேன்.

"என்னங்க, வலி எப்படி?"

"உயிர் போகுது, ஸ்வாசிக். கொடியைக் கறிக்கடை பியேரிக் கையில குடுக்கச் சொல்லு. மனசுக்குத்தான் கஷ்டமா இருக்கு."

"நீங்க இல்லாம என்ன பவனி? நானும் உங்க பக்கத்துலயே இருந்துடறேன்."

கட்டில் ஒரு துள்ளு துள்ளியது. "வேண்டாம்! நீ போ. எனக்காக வேண்டிக்கோ. மெதுவா வா. ரொம்ப மெதுவா வா."

சனிக்கிழமை டிவியில் முதல் கட்டம். கடைசிக் கிலோமீட்டரில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மனிதர் சோபா மேல் ஏறி நிற்கிறார்.

"பிடிப்பு விட்டுடுச்சா?"

"இல்ல... நின்னா கொஞ்சம் தேவலை."

"சோபா மேலயா?"

"மெத்துன்னு இருக்கு."

ஞாயிறு பூசை முடிந்து பவனி கிளம்பியது. வளைவை நெருங்கும்போதே பார்த்தேன்: கயிற்றை ஒட்டி எங்கள் மடக்கு நாற்காலி, எங்கள் குடை, எங்கள் ஐஸ் பெட்டி. ஆள் மட்டும் இல்லை. பவனி தன்னை நோக்கியே பாடிக்கொண்டு வருகிறது என்று தெரிந்ததும், வேலிக்குப் பின்னால் பள்ளத்தில் குப்புற விழுந்துவிட்டார். தொட்டாலே தடிக்கிற காஞ்சொறிச் செடி மண்டிக் கிடக்கிற பள்ளம்.

வேலியில் ஒரே ஒரு சந்து இருந்தது. அதில் அவருடைய நீலத் தொப்பி மெல்ல எழும்பி வந்தது. நான் போய் அந்தச் சந்துக்கு முன்னால் நின்றேன். நான் ஒல்லியானவள் இல்லை.

ஹெலிகாப்டர் வந்தது. அப்புறம் தேன்கூடு கலைந்த மாதிரி சக்கரங்களின் இரைச்சல். எல்லாம் பதினாலு நொடி. மஞ்சள் சட்டைக்காரன் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே கொடியைப் பார்த்துத் தலை தாழ்த்தினான். வணக்கம் கறிக்கடை பியேரிக்குக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பின்னால் புல்லுக்குள்ளிருந்து, "கொஞ்சம் நகரு... யாராயிருந்தாலும் கொஞ்சம் நகரும்மா" என்று ஒரு குரல் கெஞ்சியது. நான் செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போனால், கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார். கன்னமெல்லாம் தடிப்பு. காதில் புல்.

"பந்தயம் எப்படிப் போச்சு ஸ்வாசிக்?"

"நீங்க சத்தம் கேட்டிருப்பீங்களே."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டு மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். முதல் கட்டங்கள் எங்கெங்கோ தொடங்குகின்றன; எங்கள் மேட்டுக்கு அந்தப் பந்தயம் இன்னும் திரும்பி வரவில்லை. அவருக்கு இப்போது எழுபத்தெட்டு.

நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் போனால், அன்றைக்கு வளைவில் பார்த்தீர்களா என்று உங்களையும் கேட்பார். ரொம்ப வேகமாகப் போய்விட்டார்கள், யாருக்குமே ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.