கண்ணில் பறந்த பூச்சியும் ஐந்தருவித் தண்ணீரும்

மதிப்புக்குரிய செங்கோட்டை மச்சான் மாடன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மாரித்தாயின் வீட்டுக்காரன், ஓய்வுபெற்ற ஏட்டு குற்றாலீஸ்வரன் தென்காசியிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் என் வலது கண் நீங்கலாக அனைவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை விசாரிக்கப்போவதில்லை. உங்கள் இடது கண்ணில் பூச்சி பறப்பதாகவும், ஓரத்தில் மின்னல் வெட்டுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போய் நிற்கப்போவதாகவும் மதினி போனில் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். பேச்சில் உங்களை ஜெயிக்க கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னால் முடியவில்லை.

கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும். ஆபரேஷன் செய்த கண்ணுக்குள் காற்றுக்குமிழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது மேலே மிதந்து கிழிசலை அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக நான் தரையைப் பார்த்தே கிடக்க வேண்டும். கட்டிலுக்கு வெளியே தலையை நீட்டி, கீழே ஸ்டூலில் பரீட்சை அட்டையை வைத்து எழுதுகிறேன். சாரல் காலம் வேறு, வீடு நிறைய சொந்தக்காரர்கள். அருவிக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தோளில் துண்டும் கையில் எண்ணெய்க் குப்பியுமாக என் பிடரியிடம் நலம் விசாரிக்கிறார்கள். நான் கால்விரலைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டு பதில் சொல்கிறேன். போலீஸ் உத்தியோகம் பார்த்ததற்கு இப்போதுதான் பலன்.

முதலில் ஒரே ஒரு பூச்சிதான். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கொசு மாதிரி தெரியும். பிடிக்கத் திரும்பினால் அதுவும் கூடவே ஓடும். சர்வீஸில் இப்படி ஓர் ஆசாமியை நான் கண்டதில்லை. இட்லியில் ஈ கிடக்கிறது என்று நான் சத்தம் போட, உங்கள் தங்கை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈயெல்லாம் இட்லில இல்ல, ஒங்க கண்ணுலதான் இருக்கு” என்றாள். அந்தச் சமயம் பார்த்து நீங்கள் வந்தீர்கள். “மாப்ள, டாக்டர்ட்ட போனா கத்தியத்தான் எடுப்பான். ஐந்தருவியில கண்ண முழிச்சிக்கிட்டு நில்லும். மூலிகைத் தண்ணியாக்கும், எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்” என்றீர்கள். போனோம், நின்றேன். நிற்கும்போதே கண்ணுக்குள் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. வியாதி வெளியேறுகிறது என்று நீங்கள் கரையில் நின்று கைதட்டினீர்கள், நானும் நம்பினேன். வீட்டுக்கு வருவதற்குள் ஒரு பூச்சி ஒரு கூட்டமாகி, மிளகைப் பொடித்துத் தூவியது மாதிரி ஆகிவிட்டது. அதையும் கழிவு என்று சொல்லிச் சும்மா இருந்தோம். பிறகு கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை இறங்கியபோதுதான் மாரித்தாய் என்னைத் திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சண்முகப்பிரியாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சொட்டு மருந்து விட்டுக் கருவிழியை விரிய வைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்று அமுக்கி அமுக்கிச் சோதித்தார். எத்தனையோ பேரை நான் விசாரித்திருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் போய் யாரையும் விசாரித்ததில்லை. “கண்ணுக்குள்ள நுங்கு மாதிரி ஒரு கூழ் இருக்கு சார். வயசானா சுருங்கும். அதுல மிதக்குத நாரோட நெழலத்தான் பூச்சிங்கீங்க. முக்காவாசிப் பேருக்கு வைத்தியமே வேண்டாம், பழகிரும். ஆனா திடீர்னு நெறைய வந்தாலோ வெளிச்சம் வெட்டினாலோ ஒடனே வந்திரணும். ஒங்களுக்கு விழித்திரை கிழிஞ்சு, விலகவும் ஆரம்பிச்சிட்டு. மொதல்லயே வந்திருந்தா லேசரோட போயிருக்கும்” என்றார். உங்கள் மேல் கேஸ் போடும் ஆசையில், “அருவி அடிச்சதாலதான கிழிஞ்சது?” என்று கேட்டேன். “அருவி மேல பழியப் போடாதீங்க. கிழிசல் தானாவே வந்திருக்கலாம். அங்கன நின்ன நேரத்துக்கு இங்கன வந்திருக்கணும், அவ்வளவுதான்” என்று கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

ஆபரேஷனில் கண் மரத்துப்போயிருந்தது, நான் விழித்திருந்தேன். கூழை வெட்டி உறிஞ்சி எடுத்தார்கள். அத்தனை நாள் ஓட்டம் காட்டிய அந்தப் பூச்சி ஆசாமியும் நிழலாக நழுவிப் போனான். சந்தோஷப்பட முடியவில்லை, மச்சான். பயந்துகொண்டிருந்தேன். பார்வை போய்விட்டால் என்று நினைத்து, மாரித்தாயின் முகத்தை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். சண்டை போடும் முகம் உடனே வந்தது. சிரிக்கும் முகம் சட்டென்று வரவில்லை. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து எதைத்தான் பார்த்தேனோ தெரியவில்லை.

என் பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். உங்களுக்குத் திரை இறங்கவில்லை, லேசரோடு போய்விடலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை அருவி வேண்டாம். உங்கள் கடையை மதினியிடம் ஒப்படைத்துவிட்டு, உங்களுக்குச் சௌகரியப்பட்ட ஒரு நாளில் டாக்டரைப் போய்ப் பார்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

மதினிக்கு என் வணக்கம். டாக்டரிடம் போய்ச் சேருகிறவரை பண்பொழி முருகன் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த நிலையில்,
குற்றாலீஸ்வரன்

பி.கு.: உங்கள் தங்கை பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். “கண்ணுல மின்னல் வெட்டுத ஆளுக்கு சௌகரியப்பட்ட நாளா? நீங்க ஏட்டா இருந்து என்ன பிரயோஜனம்?” என்கிறாள். அவள் சொல்வதுதான் சரி. மேலே எழுதிய பணிவன்பை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடிதம் தபாலில் வராது, அவளே ஆட்டோவில் கொண்டுவருகிறாள். இதைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உட்கார்ந்து இந்த வரி வரை படித்துவிட்டீர்கள் என்றால் அத்தனை நேரமும் வீணாகப் போயிற்று. ஆட்டோ வாசலில் நிற்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு ஏறுங்கள் மச்சான்.